திருத்தணி திருவிழா வீடியோவை இணையதளத்தில் ஏற்றும் முறை

இணையதளத்தில் வீடியோ ஏற்றுமுன் போட வேண்டியது கணக்கு. திருத்தணி ஆடிக் கிருத்திகையின் புஷ்பக் காவடிகளும் சரவணப் பொய்கைத் தெப்பமும் அடங்கிய 10 நிமிடப் படத்தை நொடிக்கு 5 மெகாபிட் வீதம் வைத்தால், கோப்பு 375 எம்பி வரும். ஆயிரம் பேர் முழுதாகப் பார்த்தால் சர்வரிலிருந்து 375 ஜிபி வெளியேறும். ஒரே நேரத்தில் நூறு பேர் வந்தால் நொடிக்கு 500 மெகாபிட் வேண்டும். மலிவு வாடகைச் சர்வருக்கு இது ஆகாத காரியம்.

ஆகவே நீளமான படத்துக்கு யூடியூப்தான் தோது. செலவில்லை, பார்ப்பவரின் இணைப்பு வேகத்துக்கேற்பத் தரத்தை அதுவே கூட்டிக் குறைக்கும். தொல்லை வருவது பாட்டில். ஒலிபெருக்கியில் ஓடிய பக்திப் பாட்டு படத்தில் பதிவாகியிருந்தால், அதன் உரிமையாளர் பெயரில் பதிப்புரிமைக் கோரல் வரலாம். திருவிழா நாளில் ஒலிபெருக்கி இல்லாத மூலை ஏது? விளம்பரம் வேண்டாதவர்களுக்கு விமியோ போன்ற கட்டணச் சேவைகள் உண்டு. முகப்பில் ஓடும் அரை நிமிடத் துண்டைச் சொந்தச் சர்வரிலேயே வைக்கலாம்.

அந்தத் துண்டுக்கு எம்பி4 கோப்பு, எச்.264 கோடெக், ஏஏசி ஒலி என்ற கூட்டு போதும். அநேகமாக எல்லாக் கைபேசியிலும் ஓடும். 2018இல் வந்த ஏவி1 கோடெக், கோப்பை இன்னும் சிறிதாக்கும். ஆனால் என்கோட் செய்ய நேரம் பிடிக்கும், பழைய கைபேசிகள் திணறும். புதிய கைபேசிகள் பல எச்.265இல் பதிவு செய்கின்றன. சில பிரவுசர்களில் அது ஓடாது என்பதால் மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் உள்ளது. அதில் பிட்ரேட்டைக் கட்டிப்போடுவது தவறு. கோயில் மலையின் வெறிச்சோடிய 365 படிகளைக் காட்டும் காட்சிக்குக் கொஞ்சம் பிட் போதும். பூவும் மயிற்பீலியும் குலுங்கும் காவடிக் கூட்டமோ அதே பிட்டில் கட்டம் கட்டமாக உடையும். தரத்தை நிலையாக வைக்கும் ஆர்எஃப் முறையைத் தேர்ந்து 23இல் தொடங்கினால், தேவைப்படும் இடத்தில் கூடுதல் பிட் தானே செலவாகும். எண் குறையக் குறையத் தரமும் கோப்பும் பெருகும். டிசம்பர் 31 இரவுப் படித் திருவிழா போல இருட்டில் எடுத்த படத்தில் புள்ளி இரைச்சல் மிகும். கோடெக் அதையும் காட்சியாக எண்ணிப் பிட்டை இறைக்கும். இரைச்சல் நீக்கியை முதலில் லேசாகப் போட வேண்டும். 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தையும் குறித்துவிட்டால், முழுக் கோப்பும் இறங்குமுன் படம் ஓடத் தொடங்கும்.

யூடியூபுக்கு இப்படிச் சுருக்கிய கோப்பைக் கொடுக்கக் கூடாது. அது மறுபடி என்கோட் செய்யும். இரண்டு முறை சுருங்கிய படம் மங்கிவிடும். மூலப் பதிவிலிருந்து தரம் குறையாமல் எடுத்ததையே கொடுக்க வேண்டும்.

ஆந்திரப் பக்கத்துப் பக்தர்கள் நிறைய வரும் ஊர் என்பதால், வசன வரி தமிழுக்கு ஒன்றும் தெலுங்குக்கு ஒன்றுமாக இரண்டு விடிடி கோப்புகள் தேவை. இரண்டும் யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தது திரையில் குப்பையாகத் தெரியும்.