வாசலில் ஸலாம் சொல்லாத விருந்தாளி

அடுத்தவர் வீட்டில் நுழையுமுன் அனுமதி கேட்க வேண்டும்; வீட்டாருக்கு ஸலாம் சொல்ல வேண்டும். திரும்பிப் போகும்படி உள்ளிருந்து பதில் வந்தால், மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும். திருமறையின் ‘அந்நூர்’ அத்தியாயத்தில் 27, 28 ஆகிய வசனங்களின் வாயிலாக அல்லாஹ் நமக்குக் கற்றுத் தரும் ஒழுக்கம் இது. மதரஸாவில் ஓதும் சிறுவர்களும் அறிந்த பாடம்தான். ஆனால் கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, நாம் படிப்பதையும் எழுதுவதையும் குறித்துக்கொண்டு போகும் ஒரு விருந்தாளி இன்று பல வீடுகளில் இருக்கின்றான். அவன் காரணமாக இந்தப் பழைய பாடத்தை மறுபடியும் ஓத வேண்டியிருக்கின்றது.

திருப்பூர் நல்லூரில், வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு நாலைந்து ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குப் பில் போட்டுக் கொடுக்கும் சகோதரர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார்.

“ஹஜ்ரத், ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் வாங்கினப்போ கடைக்காரத் தம்பி இனாமா ஒரு ஆண்டி வைரஸ் போட்டுக் கொடுத்தாரு. அந்த மாதிரி சாப்ட்வேர் எல்லாம், நாம என்ன பார்க்கிறோம்னு அதோட கம்பெனிக்கு அனுப்பிடும்னு பையன் சொல்றான். கம்பெனிக்காரங்க நம்பிக் கொடுத்த டிசைன், புள்ளைங்க படிப்பு, வீட்ல அவங்களோட டாக்டர் ரிப்போர்ட்டு, எல்லாம் அதுலதான் இருக்கு. இது கூடுமா?”

“போடும்போது ‘சம்மதம்’னு பட்டனை அழுத்தினீங்களா, பாய்?”

“அழுத்தினாத்தானே ஹஜ்ரத் அது ஓடும்!”

அவருடைய கேள்விக்கான விடை, அவருடைய இந்தப் பதிலிலேயே பாதி அடங்கியிருக்கின்றது. மீதியை விளக்கமாகப் பார்ப்போம்.

அனுமதி எதற்காக?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரும்புச் சீப்பு ஒன்றினால் தலையைக் கோதிக் கொண்டிருந்தபோது, ஒருவர் அறையின் துவாரம் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அதையறிந்த பெருமானார் அவர்கள் அவரை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் சட்டம் ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றும் விளக்கினார்கள். ஸஹ்லு பின் ஸஅது (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம் பெற்றுள்ளது.

இந்த ஹதீஸை நன்கு கவனியுங்கள். எட்டிப் பார்த்தவர் வாசற்படியைத் தாண்டவில்லை. ஒரு பொருளையும் எடுக்கவில்லை. கால் வெளியேதான் நின்றது; கண் மட்டுமே உள்ளே போனது. அதுவே குற்றமாயிற்று. தாங்கள் பேசுவதைப் பிறர் கேட்பதை விரும்பாதவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்பவனுடைய காதில் மறுமையில் ஈயம் காய்ச்சி ஊற்றப்படும் என்ற எச்சரிக்கையும் புகாரியில் வந்துள்ளது. ஆகவே நுழைவது காலால் மட்டுமல்ல. கண்ணாலும் காதாலும் நுழைவதும் நுழைவதுதான். நம் காலத்தில் அது கம்பி வழியாகவும் நடக்கின்றது.

நடந்த சம்பவங்கள்

இது வெறும் கற்பனைப் பயமா? இல்லை. அரசாங்க விசாரணையில் வெளிவந்த சம்பவங்களே உள்ளன.

அமெரிக்காவில் வீட்டுக்கு வாடகைக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் கடைகளுக்காக ‘டிசைனர்வேர்’ என்ற நிறுவனம் ஒரு சாப்ட்வேர் செய்து கொடுத்தது. வாடகை பாக்கி வைத்தவரின் இயந்திரத்தை இருந்த இடத்திலிருந்தே முடக்கி வைக்க அது உதவும் என்றார்கள். ஆனால் அதற்குள் இன்னொரு வேலையும் ஒளிந்திருந்தது. தட்டப்படும் எழுத்துக்களை அது பதிவு செய்தது. திரையைப் படம் பிடித்தது. வீட்டிலிருப்பவர்களையே கேமரா வழியாகப் படம் எடுத்தது. போலியான பதிவுப் படிவம் ஒன்றைத் திரையில் காட்டி, பெயர், விலாசம் முதலியவற்றையும் வாங்கிக்கொண்டது. வங்கிக் கணக்கு விவரங்களும், மருத்துவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தும், சிறு பிள்ளைகளின் படங்களும், ஆடை குறைந்த நிலையில் இருந்தவர்களின் படங்களும் கடைக்காரர்களின் கைக்குப் போயின. சுமார் 4,20,000 கம்ப்யூட்டர்களில் அந்தச் சாப்ட்வேர் இருந்தது. 2012 செப்டம்பரில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டு, அந்நிறுவனத்துக்கும் ஏழு வாடகைக் கடை நிறுவனங்களுக்கும் தடை விதித்தது.

இரண்டாவது சம்பவம் நல்லூர்ச் சகோதரரின் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ‘அவாஸ்ட்’ என்பது உலகெங்கும் புழங்கும் ஆண்டி வைரஸ். பிறர் நம்மைப் பின்தொடராமல் காப்போம் என்று சொல்லித்தான் அதைக் கொடுத்தார்கள். ஆனால், இணையத்தில் மக்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை 2014 முதற்கொண்டாவது சேர்த்து வைத்து, ‘ஜம்ப்ஷாட்’ என்ற தன் துணை நிறுவனத்தின் மூலம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு விற்றது என்று அதே ஆணையம் குற்றம் சாட்டியது. ஒருவர் என்ன மார்க்கத்தைச் சார்ந்தவர், என்ன நோயைப் பற்றித் தேடினார், பணக் கஷ்டத்தில் இருக்கிறாரா என்பதெல்லாம் அந்த விவரங்களிலிருந்து தெரிந்தது. 2020 ஜனவரியில் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று ஆணையம் அறிவித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது!

மூன்றாவது சம்பவம் செல்போனைப் பற்றியது. என்றாலும் தொழுகையாளிகளாகிய நமக்கு நெஞ்சில் தைக்கக்கூடியது. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் ‘முஸ்லிம் ப்ரோ’ செயலியிலிருந்து, அதை வைத்திருப்பவர்கள் எங்கெங்கே போகிறார்கள் என்ற விவரம் ‘எக்ஸ்-மோட்’ என்ற நிறுவனத்துக்குப் போனது. அந்த நிறுவனத்திடம் விவரம் வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். 2020 நவம்பரில் இச்செய்தி வெளிவந்தது. ராணுவத்துக்குத் தாங்கள் எதையும் விற்கவில்லை என்று மறுத்த செயலிக்காரர்கள், எக்ஸ்-மோடுடன் இருந்த தொடர்பை உடனே துண்டித்துக்கொண்டார்கள். பள்ளிவாசல், மருத்துவமனை போன்ற இடங்களுக்கு மக்கள் போய்வருவதைக் காட்டும் விவரங்களை அந்த நிறுவனம் விற்கக்கூடாது என்ற உத்தரவு 2024 ஜனவரியில்தான் வந்தது. பாங்கு சொல்லும் நேரத்தைத் தெரிந்துகொள்ள வைத்த கருவி, நாம் பள்ளிக்குப் போனதையும் ஊருக்குச் சொல்லிக் கொண்டிருந்தது!

எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துவதும் நீதியல்ல. சாப்ட்வேர் ஏன் பழுதானது என்று தெரிந்தால்தான் அதைச் செய்தவர் சீர்படுத்த முடியும். அதற்குச் சில விவரங்கள் தேவை. மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வருபவர் மீட்டரைப் பார்க்கிறார். அது அவர் வேலை. சமையற்கட்டை எட்டிப் பார்த்தால், கையைப் பிடித்து வெளியே விடுவோம். அந்த எல்லையைத்தான் இங்கும் பார்க்க வேண்டும்.

‘தவறு செய்யாதவனுக்குப் பயம் எதற்கு?’

நம்மில் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். இதற்கு உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று நல்ல பதில். மதீனாவில் இரவு நகர்வலம் வந்த கலீபா அவர்கள், ஒரு வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் வருவதைக் கேட்டு, சுவரேறி உள்ளே இறங்கினார்கள். அங்கே ஒருவன் மதுவோடு இருந்தான். கண்டித்தபோது அவன் சொன்ன பதில் இதுதான்: நான் செய்தது ஒரு பாவம், தாங்கள் செய்ததோ மூன்று. துருவி ஆராய வேண்டாமென்று அல்லாஹ் தடுத்திருக்க (49:12) தாங்கள் துருவினீர்கள். வீடுகளுக்கு வாசல் வழியே வரச் சொல்லியிருக்க (2:189) சுவரேறி வந்தீர்கள். அனுமதியும் ஸலாமும் இன்றி நுழையாதீர்கள் என்றிருக்க (24:27) அவையின்றி நுழைந்தீர்கள். கலீபா அவர்கள், இனி திருந்துவதாக அவனிடம் வாக்குறுதி வாங்கிக்கொண்டு, மன்னித்துத் திரும்பிவிட்டார்கள்.

உள்ளே இருந்தவன் உண்மையிலேயே குற்றவாளி. வந்தவரோ நீதிக்கு இலக்கணமான அமீருல் மூமினீன். அப்படியிருந்தும் வந்த வழி சரியில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். குற்றவாளியின் வீட்டுக்கே இவ்வளவு மரியாதை என்றால், ஒரு குற்றமும் அறியாத குடும்பத்தின் வீட்டை லாபத்துக்காகத் துருவுவது எவ்வாறு நியாயமாகும்?

எது சம்மதம்?

அபூ மூஸா அல் அஷ்அரி (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டார்கள். பதில் வராததால் திரும்பிவிட்டார்கள். மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டுமென்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அதாவது, மறுக்கும் உரிமை வீட்டாருக்கு இருந்தால்தான் கேட்பது கேட்பதாகும். மௌனம்கூடச் சம்மதமாகாது. நாற்பது பக்கம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் எழுதிக் காட்டி, அழுத்தினால்தான் ஓடும் என்று நிறுத்தி வைத்துப் பெறுகின்ற ‘சம்மதம்’, வாசலை அடைத்துக்கொண்டு நின்று வாங்கும் அனுமதியைப் போன்றதே.

நம் நாட்டுச் சட்டமும் இப்போது இதே இடத்துக்கு வந்திருக்கின்றது. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அதன்பின் 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சம்மதம் என்பது சுயமாக, நிபந்தனையின்றி, விவரம் அறிந்து, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக, தெளிவாகக் கொடுக்கப்பட வேண்டும். அந்தக் காரியத்துக்குத் தேவையானதை மட்டுமே எடுக்கலாம். கொடுத்ததைப் போலவே எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது. அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

நம்முடைய கை சுத்தமா?

பிறரைக் குறை சொல்லுமுன் நம்மையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பனியன் கம்பெனி நடத்தும் சிலர், பில் எழுதும் பிள்ளையிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்து வீட்டில் வேலை செய்யச் சொல்கிறார்கள். அதில் சொல்லாமல் கொள்ளாமல் கண்காணிப்புச் சாப்ட்வேரையும் போட்டு விடுகிறார்கள். இயந்திரம் முதலாளியுடையது, வீடு அவருடையதல்ல. வேலை நேரத்தில் இன்னதைப் பார்ப்பேன் என்று முன்கூட்டிச் சொல்லி, அதோடு நிற்பது நேர்மை. கேமராவைத் திறப்பதும், வேலை முடிந்த பின்னும் பார்ப்பதும் துவாரத்தில் எட்டிப் பார்ப்பதேயாகும்.

பிள்ளைகளைக் கவனிப்பது பெற்றோரின் கடமை. அதை ஒளிந்திருந்து செய்யாமல், கம்ப்யூட்டரை எல்லோரும் நடமாடும் கூடத்தில் வைத்து, அவர்கள் அறியவே செய்யுங்கள்.

விலை கொடுக்காமல் திருட்டுப் பிரதியைப் போட்டுக்கொள்வதும் பிறர் உரிமையை எடுப்பதுதான். போதாக்குறைக்கு, வேவு பார்க்கும் சாப்ட்வேர்கள் பல அப்படிப்பட்ட பிரதிகளோடுதான் வீட்டுக்குள் வருகின்றன. பின்வாசலை நாமே திறந்து வைத்துவிட்டுத் திருடனைத் திட்டுவதில் பயனில்லை.

செய்ய வேண்டியவை

1. கம்ப்யூட்டரில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் ‘ப்ரைவஸி’ என்ற பக்கம் இருக்கும். விண்டோஸில், விருப்பத்தின் பேரில் அனுப்பப்படும் விவரங்களை அங்கே நிறுத்தலாம். அவசியம் என்று அவர்கள் வைத்திருக்கும் சிலவற்றை, வீட்டு உபயோகப் பதிப்பில் முழுதாக நிறுத்த முடியாது. ஆனமட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. கேமரா, மைக், இருப்பிடம் ஆகிய மூன்றையும் எந்தெந்தச் சாப்ட்வேர் கேட்கிறது என்று பாருங்கள். தொழுகை நேரம் தெரிய ஊர்ப் பெயரைக் குறித்தாலே போதும். நாள் முழுதும் நாம் இருக்கும் இடம் அதற்குத் தெரிய வேண்டியதில்லை. உபயோகமில்லாத நேரத்தில் கேமராவின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவிடுங்கள்.

3. சில வினாடிக்கொரு முறை திரையைப் படம் பிடித்து வைக்கும் ‘ரீகால்’ என்ற வசதியை, 2024 மே மாதம் மைக்ரோசாப்ட் அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் தள்ளிவைத்து, நாமே விரும்பித் திறந்தால் மட்டும் இயங்கும்படி மாற்றி 2025 ஏப்ரலில் வெளியிட்டது. படங்கள் அந்த இயந்திரத்திலேயே இருக்கும் என்கிறார்கள். பலர் புழங்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைத் திறக்காமலிருப்பதே பேணுதல். நம்மைப் போன்றவர்கள் எதிர்த்துக் கேட்டதால்தான் அந்த மாற்றமும் வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

4. இனாமாக வரும் எதையும் போடுமுன், இவர்களுக்கு வருமானம் எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிரவுஸரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேவையற்ற துணைச் சாப்ட்வேர்களை நீக்கிவிடுங்கள்.

5. தொழில் கணக்குக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தனித்தனிக் கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லூர்ச் சகோதரருக்கு இறுதியாக நான் சொன்னது இதுதான்: “பாய், உங்க விஷயம் மட்டும்னா, போனாப் போகுதுன்னு விடலாம். ஆனா அந்த டிசைன் உங்களை நம்பிக் கொடுத்தவங்களோட அமானத். வீட்ல அவங்க ரிப்போர்ட்டு அவங்களோட அந்தரங்கம். அதுக்கெல்லாம் ‘சம்மதம்’ சொல்ல உங்களுக்கு ஏது உரிமை?” அன்றிரவே மகனை உட்கார வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து அடைத்ததாக மறுநாள் சொன்னார்.

நாமும் நம் வீட்டு வாசல்களை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். பிறர் வீட்டுத் துவாரத்தில் நம் கண் இருந்தால், அதையும் எடுத்துக்கொள்வோம். நம் அமானத்துகளையும் மானத்தையும் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.