ஒரு மழைத்துளியின் அடி எவ்வளவு?

மண் அரிப்பு என்றதும் நம் கண்முன் வருவது, வரப்பை உடைத்துக்கொண்டு செந்நிறமாய் ஓடும் தண்ணீர்தான். ஆனால் அரிப்பு அதற்கு முன்பே, விழும் துளியில் தொடங்கிவிடுகிறது. 1940-களில் அமெரிக்காவில் எல்லிசன் என்ற ஆய்வாளர் இதைச் சோதனைகள் மூலம் காட்டினார். மண்ணைப் பெயர்ப்பது துளியின் அடி. பெயர்ந்த மண்ணைச் சுமந்து போவது ஓடும் நீர். முதல் வேலையைத் தடுத்துவிட்டால், இரண்டாவதற்குச் சுமக்க அதிகம் இருக்காது.

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு விவசாயத்துக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. "என்ன சார், தோட்டம் பூரா குப்பையைப் பரப்பி வச்சிருக்கீங்க?" என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் கேட்பதுண்டு. ஈரம் காக்கும், மண்புழு வரும் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் சரியானதே. பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியல் இன்னொரு பதிலும் சொல்கிறது. அதைக் கணக்காகவே பார்ப்போம்.

துளியின் வேகம்

காற்றே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். பயிர் மிஞ்சாது. நல்லவேளை, காற்று தடுக்கிறது. துளியின் வேகம் கூடக் கூட, காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் கீழே இழுக்கும் புவியீர்ப்பும், மேல்நோக்கித் தடுக்கும் காற்றும் சமமாகிவிடும். அதன்பிறகு வேகம் ஏறாது. இதைத்தான் முற்றுத் திசைவேகம் என்கிறார்கள்.

இந்த வேகம் துளியின் பருமனைப் பொறுத்தது. தூறல் மெதுவாக இறங்கும். 2 மில்லிமீட்டர் துளி வினாடிக்கு சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழும். 4 மில்லிமீட்டர் துளிக்கு அது சுமார் 8.8 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். சுமாராக ஓட்டும் மொபெட் வேகம். சடசடவென்று பெய்யும் கோடைமழை மண்ணைக் கிளறுவதும், தூறல் சாதுவாக இறங்குவதும் இதனால்தான்.

உந்தமும் விசையும்

எடையுள்ள பொருள் வேகமாக வரும்போது அதற்கு ஓர் உந்தம் இருக்கிறது. நிறையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது அது. நிற்கும்போது அந்த உந்தம் முழுவதையும் இழந்தாக வேண்டும். எவ்வளவு நேரத்தில் இழக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நேரம் குறைந்தால் விசை கூடும். நேரம் நீண்டால் விசை குறையும்.

கட்டட வேலையில் செங்கல்லைத் தூக்கிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பிடிப்பவர் கையை விறைப்பாக நீட்டி நிற்கமாட்டார். கல்லோடு சேர்த்துக் கையையும் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். நிற்கும் நேரத்தை நீட்டிவிட்டார், அடி குறைந்துவிட்டது. அவருக்கு நியூட்டனின் இரண்டாம் விதி கையிலேயே இருக்கிறது.

இப்போது நம் துளிக்கு வருவோம். 4 மில்லிமீட்டர் துளிகள் முப்பது சேர்ந்தால்தான் ஒரு கிராம். வெறும் இறுகிய தரையில் விழும்போது ஏறக்குறைய ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது நின்றுவிடும். கணக்குப் போட்டால் சராசரி விசை சுமார் 60 கிராம் எடைக்குச் சமம். ஒரு கோழிமுட்டையின் எடை, 4 மில்லிமீட்டர் அகல இடத்தில்! துளியின் சொந்த எடையைப் போல 1,800 மடங்கு.

அதே துளி சருகின் மேல் விழுந்தால் சருகு வளையும், ஆடும், துளியைச் சிதறடிக்கும். செங்கல் பிடிப்பவரின் கை மாதிரி. உந்தம் அதேதான், ஆனால் நிற்கும் நேரம் நீண்டுவிடுகிறது. மிச்ச அடியையும் சருகே வாங்கிக்கொள்ளும். மண்ணுக்குக் கிடைப்பது சொட்டும் நீர் மட்டும்.

ஒரு ஏக்கரின் கணக்கு

ஒரு துளியால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழும் நீர் சுமார் 2 லட்சம் லிட்டர், அதாவது 200 டன். சராசரி வேகம் வினாடிக்கு 7 மீட்டர் என்று வைப்போம். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. அப்படிப் பெருக்கினால் வருவது 49 லட்சம் ஜூல். ஒரு ஜோடி மாட்டின் திறனை ஒரு குதிரைத்திறன் என்று கொண்டால், அந்த ஜோடி கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இழுக்கும் உழைப்பு இது. உழவு மாடு மண்ணைப் புரட்டும். இந்த உழைப்போ மேல்தோலை மட்டுமே அடித்து நொறுக்குகிறது.

அடிபட்ட மண்கட்டி உடைகிறது. தெறிக்கும் துகள்கள் இரண்டடி உயரமும் ஐந்தடி தூரமும்கூடப் போகும். சரிவான நிலத்தில் மேல்பக்கம் தெறிப்பதைவிடக் கீழ்ப்பக்கம் அதிகத் தூரம் தெறிப்பதால், மண் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். காய்ந்ததும் பொருக்குக் கட்டும், முளை மேலே வரத் திணறும். அடைபட்ட மண்ணில் நீர் இறங்காது, ஓடத்தான் செய்யும்.

ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மேல்மண் போனால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது 4 கன மீட்டர். எடையில் 5 டன்னுக்கு மேல். 5 டன் தொழுவுரத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற நாம், 5 டன் மேல்மண் போவதை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. வட்டி இல்லை, முதலே போகிறது.

மரம் இருந்தால் போதுமா?

போதாது. பெரிய இலைகளில் சேரும் நீர், மழைத்துளியைவிடப் பெரிய துளியாகச் சொட்டும். முப்பதடி உயரத்திலிருந்து விழும்போது கிட்டத்தட்ட முழு வேகத்தையும் திரும்பப் பெற்றுவிடும். தேக்குத் தோப்பில் சருகைக் கூட்டி எரித்துவிட்டால், மரம் இருந்தும் மண் அடி வாங்கும்.

ஓரடி உயரத்தில் படர்ந்திருக்கும் தட்டைப்பயறோ கொள்ளோ வேறு கதை. அதன் இலையிலிருந்து சொட்டும் துளியின் வேகம் வினாடிக்கு 2.4 மீட்டர்தான். வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் மாறுவதால், 8.8 மீட்டர் வேகத்தில் வரும் அதே துளியோடு ஒப்பிட்டால் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே மண்ணைக் காப்பது தரைக்கு நெருக்கமான போர்வை.

ஓடும் நீருக்கும் இதே வர்க்கக் கணக்குதான். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. அது உருட்டக்கூடிய கல்லின் எடையோ 64 மடங்கு வரை போகும். சரிவுக்குக் குறுக்கே வரப்பும் உழவும் வேண்டும் என்பது நீரின் வேகத்தைக் குறைக்கத்தான்.

நீங்களே பாருங்கள்

1. இரண்டு தட்டில் ஒரே மண்ணை நிரப்பி, ஒன்றை மட்டும் வைக்கோலால் மூடுங்கள். இரண்டுக்கும் பின்னால் வெள்ளை அட்டையை நிறுத்தி, ஆளுயரத்திலிருந்து பூவாளியால் நீர் ஊற்றுங்கள். எந்த அட்டை அழுக்காகிறது என்று பாருங்கள்.

2. பெருமழைக்கு மறுநாள் வெற்று நிலத்தில் குனிந்து பாருங்கள். சிறு கற்களுக்கு அடியில் மட்டும் மண் குட்டித் தூணாக நிற்கும். சுற்றியிருந்த மண் போய்விட்டது. அந்தத் தூணின் உயரம்தான் உங்கள் நஷ்டம்.

வைக்கோல் மாட்டுக்கே பத்தவில்லை என்பீர்கள். நியாயம்தான். மாட்டுக்குப் போக மிச்சம் இருப்பதைப் பாருங்கள்: கரும்புச் சோகை, தென்னை மட்டை, கிளைரிசிடியா தழை, களையெடுத்த புல். எதுவுமே இல்லையென்றால் பயறு விதைத்து உயிர்மூடாக்கு போடலாம். தண்டை ஒட்டிக் குவிக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். சோகையை எரிப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் நிலம் மூடியிருக்க வேண்டும். புரட்டாசியிலேயே பயறு விதைத்தால்தான் அதற்குள் அது படர்ந்து தரையை மூடும்.