பம்ப்செட் கையேடு சுவாஹிலியில் வேண்டுமா?

கோவையில் செய்த பம்ப்செட்டைத் தான்சானியாவுக்கு அனுப்புகிறீர்கள். கையேட்டை அங்குள்ள மெக்கானிக் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்திலிருந்து சுவாஹிலிக்கு மொழிபெயர்க்க ஆள் தேடும்போது:

1. எந்த நாட்டுக்கு என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தான்சானியா, கென்யா, காங்கோ மூன்றிலும் சுவாஹிலி ஒன்றுபோல் இருக்காது.

2. தான்சானியாவுக்கு என்றால் அந்நாட்டு அரசின் சுவாஹிலி மன்றமான 'பகிட்டா'விடம் விசாரியுங்கள். மொழியை வளர்க்க 1967-இல் தொடங்கிய அமைப்பு அது.

3. பட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் கையேட்டிலேயே ஒரு பக்கத்தைக் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்துச் சோதியுங்கள். 'நட்டை இறுக்கவும்' என்ற வரி அதில் இருக்கட்டும். திருகும் நட்டுக்கு அங்கே 'நாட்டி' என்பார்கள். 'கரங்கா' என்று வந்தால் அது வேர்க்கடலை. அந்த ஆள் ஸ்பேனரைத் தொட்டதில்லை என்று அர்த்தம். 'காலை 7 மணிக்கு மோட்டாரைப் போடவும்' என்ற வரியையும் சேருங்கள். சுவாஹிலியில் பகல் கணக்கு விடியலில் தொடங்குவதால், நம் 7 மணி அவர்களுக்கு 1 மணி. 7 என்றே எழுதினால் மோட்டார் மதியம் 1 மணிக்குத்தான் ஓடும்.

4. பாகங்களின் படத்தையும் பெயர்ப் பட்டியலையும் கூடவே அனுப்புங்கள். ஒரே பாகத்துக்குப் பக்கத்துக்கொரு பெயர் வராது.

5. வேறொருவரை வைத்துத் திருத்துங்கள். மொழிபெயர்ப்புப் பணிக்கான ஐஎஸ்ஓ 17100 தரமும் இதைக் கேட்கிறது.

செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் வேறெங்காவது குறையுங்கள். மின்சார எச்சரிக்கை வரிகளை மட்டும் அங்குள்ள ஒரு மெக்கானிக்கிடம் வாசித்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.