மண்டலம் வரைந்தால் நோய் தீருமா?



கடற்கரையூராகிய புதுப்பட்டினத்தில், கல்பாக்கம் நகரியத்தை ஒட்டிய ஓர் இல்லத்தின் மாடியில், ஞாயிறுதோறும் மண்டலம் வரையும் பாடம் ஒன்றை நாம் சில திங்கள் நடத்தினோம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து பணி நிமித்தம் இங்கே குடிவந்த நம் குடும்பங்களின் சிறுவரும் தாய்மாரும் அதில் கலந்து கொண்டனர். கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு மண்டலம் புதிதன்று. ஆகையால் பாடம் இனிதே தொடங்கிற்று.

முதல் நாளன்று ஸ்ரீபாலர், மைனாசுந்தரி வரலாற்றைச் சொன்னோம். மூன்றாம் வாரம், அறுபதைக் கடந்த ஓர் அம்மையார் பாடம் முடிந்த பின் தனியே வந்து, "ஐயா, பத்து நாளாய் நான் சர்க்கரை மாத்திரை சாப்பிடவில்லை. தினமும் காலையில் சித்தசக்கரம் வரைகிறேன். ஸ்ரீபாலருக்குத் தீர்ந்த நோய் எனக்குத் தீராதா?" என்று கேட்டார். அவருடைய மருமகளுக்கும் இது தெரியாது.

நாம் திடுக்கிட்டோம். கதையைச் சொல்லிவிட்டு அதன் பொருளைச் சொல்லாமல் விட்ட பிழை நம்முடையது. அன்று மாலையே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு மருமகளிடம் கூறினோம். அந்த அம்மையாருக்கு நாம் பின்னர் கூறிய விடையையே இங்கு எல்லோருக்குமான பாடமாக விரித்து எழுதுகின்றோம்.

மண்டலம் நமக்குப் புதிதோ?

மண்டலம் என்னும் சொல்லுக்கு வட்டம் என்பது பொருள். இன்று அதனைத் திபெத்திய பௌத்தரின் கலை என்று மட்டும் பலர் எண்ணுகின்றனர். ஆனால் ஜினாலயத்தில் நாம் அட்சதையால் இடும் சுவஸ்திகமே ஒரு சிறு மண்டலம்தான். அதன் நான்கு கைகள் தேவர், மக்கள், விலங்கு, நரகர் என்னும் நாற்கதிகள். மேலே உள்ள மூன்று புள்ளிகள் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். அதற்கும் மேலுள்ள பிறையும் புள்ளியும் சித்தசிலையும் அங்கு உறையும் சித்தரும். அட்சதை முனை முறியாத அரிசி; உமி நீங்கியமையால் மீண்டும் முளைக்காதது. வினையாகிய உமி நீங்கிய உயிர்க்கு மறுபிறவி இல்லை என்பதே அதன் குறிப்பு.

சமவசரணமும் வட்ட வடிவினதே. நடுவில் கந்தகுடி, அதனைச் சூழ்ந்து பன்னிரு கணங்களின் அவைகள், அவற்றுள் ஓர் அவை விலங்குகளுக்கு உரியது. நான்கு திசை வாயில்களிலும் மானஸ்தம்பங்கள் நிற்கும். அவற்றைக் கண்ட அளவில் உள்ளே புகுவோரின் செருக்கு அடங்கும் என்பர். வாதிட வந்த இந்திரபூதி கௌதமரின் செருக்கு அவ்விடத்தில்தான் கரைந்தது. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில், பிற்காலத்தில் தீட்டப்பட்ட தீர்த்தங்கரர் வரலாற்று ஓவியங்களிடையே சமவசரணத்தையும் காணலாம். புதுப்பட்டினத்திலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவுதான். குழந்தைகளை அழைத்துச் சென்று அண்ணாந்து பார்க்கச் செய்யுங்கள்.

ஸ்ரீபாலர் வரலாற்றின் பொருள்

உச்சயினி மன்னன் மகள் மைனாசுந்தரி. "என் வாழ்வும் தாழ்வும் என் வினைப்பயனே, தந்தையின் அருளால் வருவன அல்ல" என்று அவள் உரைக்கவே, சினங்கொண்ட மன்னன் தொழுநோயுற்ற ஸ்ரீபாலருக்கு அவளை மணமுடித்தான். அவளோ மனங்கலங்காமல் கணவரையும், அவருடன் இருந்த எழுநூறு நோயாளரையும் பேணினாள். நந்தீசுவர எண்நாள் வழிபாட்டில் சித்தசக்கர பூசை செய்து, கந்தோதகத்தை அவர்கள் மீது தெளித்தாள். நோய் நீங்கிற்று என்பது வரலாறு.

இதில் எதனை முதலில் நோக்க வேண்டும்? அவள் பூசை செய்வதற்கு முன்பே நோயாளரை அருவருக்காமல் ஏற்றுக்கொண்டாள். நோயை எவர் மீதும் பழியாகச் சுமத்தவில்லை. இந்த நற்காட்சி இல்லாமல் சக்கரத்தை மட்டும் வரைந்திருந்தால் அது வெறுங்கோலமே ஆகும்.

மேலும், நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே, திருமணியில், 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகின்றது. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால், ஆறு முதல் பன்னிரண்டு திங்களில் தொழுநோய் குணமாகின்றது. ஸ்ரீபாலர் வரலாற்றைப் போற்றும் நாம் இம்மருந்தை அதற்கு மாறானதாக எண்ண வேண்டுவதில்லை. தானம் நான்கனுள் ஔடத தானமும் ஒன்றன்றோ? மருந்து கொடுப்பது அறமாயின், அதனை முறையாக உண்பது எவ்வாறு அறத்துக்குப் புறம்பாகும்?

அவ்வாறாயின் மண்டலம் எதற்கு?

உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், ஒன்பதாம் அத்தியாயத்தில், தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என நான்காக வகுக்கின்றது. இவற்றுள் ஆர்த்த தியானம் மீண்டும் நான்கு. இன்னாதது வந்து சேர்ந்ததே என்று வருந்தல், இனியது பிரிந்ததே என்று வருந்தல், நோயின் வேதனையையே ஓயாது எண்ணல், வரும் பிறவியின் இன்பத்தை வேண்டி ஏங்கல் என்பன அவை. மூன்றாவதைப் பீடா சிந்தனை என்பர்.

ஈண்டு நுட்பமான ஒரு செய்தி உளது. நோய் வேறு, நோயை நினைந்து நினைந்து நைதல் வேறு. முன்னது உடலைப் பற்றியது. மருத்துவர் பார்க்க வேண்டியது. பின்னது தியானம் என்னும் பெயருக்கு உரியதாகும் அளவுக்கு ஒருமுகப்பட்டது. ஆனால் தீய இடத்தில் ஒருமுகப்பட்டது. மனத்திற்கு ஒன்றில் ஊன்றி நிற்கும் ஆற்றல் முன்பே இருக்கின்றது. அதனை இடம் மாற்றினால் போதும். அவ்வாறு இடம் மாற்றும் எளிய கருவியே மண்டலம்.

பதினோராம் நூற்றாண்டளவில் வாழ்ந்த சுபசந்திராசாரியரின் ஞானார்ணவம் கூறும் பார்த்திவீ தாரணையும் இவ்வகையினதே. நடுவுலகு முழுவதும் அலையற்ற பாற்கடல்; அதன் நடுவே ஆயிரம் இதழ்த் தாமரை; தாமரையின் பொகுட்டாக மேரு; அதன்மேல் ஓர் அரியணை; அதில் அமைதியாக அமர்ந்திருப்பது தன் ஆன்மா. கண்ணை மூடி இவ்வளவையும் உள்ளத்தில் காண்பது தொடக்க நிலையினர்க்கு அரிது. கையால் வரைந்து பழகினால் உள்ளம் பின்தொடரும்.

மேனாட்டாரும் இவ்வழியை ஒருவாறு கண்டுள்ளனர். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங், 1918-19ஆம் ஆண்டுகளில், காலைதோறும் ஒரு குறிப்பேட்டில் சிறு வட்ட ஓவியம் வரைந்து, அன்றன்றைய தம் மனநிலையை அதில் நோக்கினார். 2005இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர் 84 பேரிடம் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மண்டலத்துக்கு வண்ணம் தீட்டியோரிடமும், கட்டம் போட்ட வடிவத்துக்கு வண்ணம் தீட்டியோரிடமும் மனப்பதற்றம் குறைந்தது. வெற்றுத் தாளில் விரும்பியவாறு வண்ணமிட்டோரிடம் அவ்வாறு குறையவில்லை. ஒழுங்குள்ள வடிவில் கை ஈடுபடுவதே பயன் தருகின்றது என்பதை இதனால் அறியலாம். சர்க்கரை குறைந்தது என்றோ புண் ஆறிற்று என்றோ அவ்வாய்வு கூறவில்லை.

வரையும் முறை

பாடத்தில் நாம் எடுத்துக்கொண்டது நவதேவதை மண்டலம். வேண்டுவன: ஒரு மரப்பலகை, சுண்ணக்கட்டி, ஒரு முழ நூல், முனை முறியாத பச்சரிசி ஒரு பிடி.

1. நிமிர்ந்து அமர்ந்து, பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை மனத்துள் சொல்க. ஒரு மந்திரத்துக்கு மூன்று மூச்சாக இருபத்தேழு மூச்சு ஆகும். அதுவரை சுண்ணக்கட்டியைத் தொட வேண்டா.

2. பலகையின் நடுவில் ஒரு புள்ளி இடுக. நூலின் ஒரு முனையைப் புள்ளியில் அழுத்திப் பிடித்து, மறுமுனையில் சுண்ணக்கட்டியைச் சுற்றி, சிறிய வட்டம் ஒன்றும் அதனைச் சூழப் பெரிய வட்டம் ஒன்றும் வரைக.

3. குறுக்கும் நெடுக்கும், பின் மூலைவாட்டிலும் கோடிட்டு, எட்டு இதழ்களை அமைக்க.

4. நடுவட்டத்தில் அருகரை நினைந்து அரிசி வைக்க. மேலிதழில் சித்தர், வலப்புறம் ஆசாரியர், கீழே உபாத்தியாயர், இடப்புறம் சாது. மூலையிதழ் நான்கிலும் ஜினதர்மம், ஜினாகமம், ஜினபிம்பம், ஜினாலயம். ஒவ்வொரு மணியாக வைத்தல் நன்று, விரைவு வேண்டா.

5. முடிந்தபின் பேசாமல் கால் மணி நேரம் நடுவட்டத்தை நோக்கி இருக்க.

வாயிற்படியில் இதனை இட வேண்டா. அரிசி மாவுக்கு எறும்பு வரும். வந்த எறும்பு மிதிபடும். எறும்புக்கு உணவிடுவதாக எண்ணி அதனைக் காலடிக்கு அழைப்பது அகிம்சை ஆகாது. பயிற்சி முடிந்ததும் அரிசியை ஒரு மணியும் சிந்தாமல் திரட்டி, அடுத்த பாடத்துக்கு எடுத்து வைக்க. இது பயிற்சிக்குரிய அரிசி. பூசையில் படைத்த அட்சதை நிர்மாலியம் ஆதலின் அதனை இவ்வாறு எடுத்தாளலாகாது.

தன்னை நோக்குதல்

பாடத்தின் உயிர்நிலை இனிமேல்தான். வரையும்போது மனம் எங்கே சென்றது என்பதைக் குறிப்பேட்டில் மூன்று வரிகளில் எழுதச் சொன்னோம். எழுதியவற்றைப் படித்தபோது நான்கு கஷாயங்களும் பலகை மேல் வந்து அமர்ந்திருப்பதைக் கண்டோம். கோடு கோணியதும் தம்பி மேல் எரிந்து விழுந்தது குரோதம். அடுத்தவர் பலகையை எட்டிப் பார்த்து, நம்முடையதே அழகு என மகிழ்ந்தது மானம். தவறிய இதழை அரிசி வைத்து மறைத்தது மாயை. அழிக்க மனமின்றிப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது லோபம். பிரதிக்கிரமணத்தில் "பிழை பொறுக்க" என்று பொதுவாகச் சொல்லும் நாம், இங்கே பிழையைப் பெயர் சொல்லி அடையாளம் காண்கின்றோம்.

கற்பிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. இக்கடற்கரை 26.12.2004 அன்று ஆழிப்பேரலையைக் கண்டது. அந்நாளில் உற்றாரை இழந்தவரோ, வேறு பெருந்துயர் உற்றவரோ வகுப்பில் இருக்கலாம். நினைவுகளை வரையச் சொல்லி வற்புறுத்தாதீர். உறக்கமும் உணவும் பல நாள் கெட்டிருப்பின் மனநல மருத்துவரிடம் அனுப்புக. மண்டலம் அதற்கு மாற்று அன்று.

அந்த அம்மையார்

அவர் அடுத்த இரு வாரங்கள் வரவில்லை. நம்மேல் வருத்தமோ என அஞ்சினோம். மூன்றாம் வாரம் வந்தார். மாத்திரையை மீண்டும் தொடங்கியிருந்தார். கைந்நடுக்கத்தால் அவருடைய வட்டம் அன்றும் சற்றுக் கோணலாகவே அமைந்தது. குறிப்பேட்டில் அவர் எழுதியிருந்தது இவ்வளவே: "இன்று அரிசி வைக்கும் நேரம் முழுவதும் என் நோயின் நினைவு வரவில்லை. எழுந்த பிறகு வந்தது."

நாம் இதனைப் பெரும் பயனாகக் கருதுகின்றோம். அந்த அரை மணி நேரம் அவர் பீடா சிந்தனையினின்றும் விடுபட்டிருந்தார். நாள்தோறும் அரை மணி நேரம் ஆர்த்த தியானம் நீங்குமாயின், அவ்வளவுக்குப் புதுவினை வருதல் குறையும் அன்றோ? மண்டலம் தீர்க்கும் நோய் அதுவே.

சிந்தனைக்கு வினாக்கள்

1. நோய்க்கும் பீடா சிந்தனைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொந்த வாழ்வினின்று ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.
2. மைனாசுந்தரி பூசைக்கு முன் செய்தது யாது?
3. இவ்வாரம் நீர் வரைந்த மண்டலத்தில் நான்கு கஷாயங்களுள் எது முதலில் தலைகாட்டிற்று?

இல்லத்துப் பெரியோர் சிறுவருடன் அமர்ந்து, ஒரு பலகையில் ஒரு முறையேனும் வரைந்து பார்ப்பாராக. மாத்திரை வேளையில் மாத்திரையும் உண்பாராக.

அறம் வளர்க! ஜய ஜினேந்திர!