டயர் சூட்டைப் பார்த்து செட்டப் மாற்ற: சிம் ரேஸருக்குச் சில குறிப்புகள்

வீட்டு மேசையில் ஸ்டியரிங்கை மாட்டி ஓட்டுபவர்களில் பலர், யாரோ வேகமாக ஓட்டிய செட்டப்பை இறக்கிப் போட்டுவிட்டு ‘வண்டி திரும்பவே மாட்டேங்குது’ என்று அலுத்துக்கொள்வார்கள். அந்த செட்டப் அவர் கைக்குச் சரி. உங்கள் கைக்கு எது சரி என்பதை டயரின் வெப்பநிலையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். இத்தாலியின் மோன்ஸாவில் ஜிடி3 கார் ஓட்டுவதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

1. ஒவ்வொரு டயருக்கும் உட்பக்கம், நடு, வெளிப்பக்கம் என மூன்று எண்கள் உண்டு. காரின் வயிற்றைப் பார்த்திருப்பது உட்பக்கம். ஐரேசிங் சிமுலேட்டரின் செட்டப் பக்கத்தில் இடது டயருக்கு வெளி, நடு, உள் என்ற வரிசை. வலது டயருக்கு உள், நடு, வெளி. இதைக் கவனிக்காமல் கேம்பரை (சக்கரத்தின் சாய்வை) தலைகீழாக மாற்றிவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

2. பிட்டிலிருந்து கிளம்பிய முதல் லேப்பின் எண்களை நம்ப வேண்டாம். ஐந்தாறு லேப் ஒரே சீராக ஓட்டுங்கள். ரேஸில் எவ்வளவு பெட்ரோல் இருக்குமோ அதே அளவு ஊற்றிக்கொள்ளுங்கள். காலி டேங்கோடு எடுத்த கணக்கு ரேஸன்று உதவாது. வானிலையையும் நிலையாக வைத்துவிடுங்கள்.

3. எந்த இடத்தில் எண்ணைப் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஐரேசிங்கில் காரை பிட்டில் நிறுத்தினால்தான் புதிய எண்கள் வரும். மோன்ஸாவில் பிட்டுக்குள் நுழைவதற்கு முன் கடைசி வளைவு பரபோலிக்கா. 2021 முதல் அதற்கு இத்தாலிய ரேஸர் மிகேலே ஆல்போரேட்டோவின் பெயர். நீண்ட வலது வளைவு என்பதால் பாரம் முழுக்க இடது டயர்கள் மேல் விழும். தடமே கடிகாரச் சுற்றில் ஓடுவது. லெஸ்மோ வளைவுகள் இரண்டும் வலதுதான். ஆகவே இடது டயர்கள் கூடுதலாகச் சுடுவது இயல்பு. நாலு டயரும் ஒரே சூட்டில் இருந்தாக வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

4. முதலில் கை வைக்க வேண்டியது காற்றழுத்தத்தில்தான். அது தவறாக இருந்தால் மற்ற எண்களைப் படித்துப் பயனில்லை. இரு ஓரங்களின் சராசரியை எடுத்து நடு எண்ணோடு ஒப்பிடுங்கள். நடு அதிகம் சுட்டால் காற்று கூடுதல்; டயர் நடுவில் உப்பி அங்கேயே தேய்கிறது. ஓரங்கள் சுட்டால் காற்று குறைவு. அரை பிஎஸ்ஐ அளவில் மாற்றிப் பாருங்கள்.

நீங்கள் செட்டப்பில் வைப்பது குளிர்ந்த டயரின் அழுத்தம். வேலை செய்வது சூடான டயரின் அழுத்தம். 27 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் டயரில் காற்றின் சூடு 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1.4 பிஎஸ்ஐ உயரும். மாலைக் குளிரில் சரிசெய்ததை மதிய வெயிலில் அப்படியே போட்டால் பிசகுவது இதனால்தான்.

5. அடுத்தது கேம்பர். இடது முன் டயரில் உள் 94, நடு 88, வெளி 80 என்று வருகிறது என்போம். ஓரங்களின் சராசரி 87, நடு 88. காற்றழுத்தத்தில் குறையில்லை. ஆனால் உள்ளுக்கும் வெளிக்கும் 14 டிகிரி இடைவெளி. நெகட்டிவ் கேம்பர் அதிகம். கொஞ்சம் குறையுங்கள். இடைவெளி ஆறு முதல் ஒன்பது டிகிரிக்குள் வந்தால் பெரும்பாலும் போதும்.

மூன்று எண்களையும் சமமாக்கப் பார்ப்பது வீண். நேர்ச்சாலையில் கார் டயரின் உள்விளிம்பில்தான் ஓடுகிறது. மோன்ஸாவில் நேர்ச்சாலைக்குக் குறைவே இல்லை. அப்படியிருந்தும் வெளிப்பக்கம் உட்பக்கத்துக்குச் சமமாகச் சுட்டால், வளைவில் வெளிவிளிம்பு படாத பாடு படுகிறது என்று பொருள்.

6. கேம்பரைக் குறைத்தும் உள்விளிம்பு ஆறவில்லையா? டோவை, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணத்தைப் பாருங்கள். டோ-அவுட் அதிகமானால் உள்விளிம்பு உரசும். டோ-இன் அதிகமானால் வெளிவிளிம்பு.

7. பிறகு முன் டயர்களின் சராசரியைப் பின் டயர்களோடு ஒப்பிடுங்கள். முன்பக்கம் நன்றாகச் சுட்டு, காரும் வளைவில் வெளியே தள்ளினால் அது அண்டர்ஸ்டியர். முன் ஆன்டி-ரோல் பாரை ஒரு படி இளக்குங்கள், அல்லது பின்னதை ஒரு படி இறுக்குங்கள். பின்பக்கம் சுட்டு வால் வழுக்கினால் இதற்கு நேர்மாறு. டிராக்ஷன் கன்ட்ரோலையும் ஒரு படி ஏற்றிப் பார்க்கலாம்.

ஆனால் ஸ்பானரை எடுக்குமுன் உங்கள் கையைச் சோதியுங்கள். லெஸ்மோவில் முன் டயர் பிடிவிட்ட பிறகும் ஸ்டியரிங்கை மேலும் மேலும் திருப்புகிறீர்களா? டயரை அரைத்துச் சூடேற்றுவது அதுதான். சற்று முன்பே பிரேக் பிடித்து, குறைவாகத் திருப்பி மூன்று லேப் ஓட்டுங்கள். முன்பக்க எண் தானே இறங்கினால் செட்டப்பில் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. என் அனுபவத்தில், ‘அண்டர்ஸ்டியர்’ என்று வரும் புகார்களில் பாதி இந்த ரகம்.

8. பிரேக்கைக் குளிர்விக்கும் டக்டை மூடினால் பிரேக்கின் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும். குளிர்ந்த நாளில் உதவும். ஆனால் மோன்ஸாவின் முதல் சிக்கேனில் பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால் ரொம்பவும் மூடிவிடாதீர்கள்.

9. நாலு டயரும் குளிர்ந்தே கிடந்தால் செட்டப்பைக் குறை சொல்லாதீர்கள். இன்னும் வேகமாகப் போக இடம் இருக்கிறது.

10. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். கேம்பரையும் ஆன்டி-ரோல் பாரையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒவ்வொன்றையும் தனிப் பெயரில் சேமியுங்கள். பெயரிலேயே தடம், அன்றைய வெப்பநிலை, மாற்றிய பொருள் மூன்றும் இருக்கட்டும். ‘புதுசு2’, ‘கடைசி_புதுசு’ என்று வைத்தால் அடுத்த வாரம் உங்களுக்கே விளங்காது.