விரல்கள் கற்ற பாடம்: விசைப்பலகை மாற்றமும் நம் வகுப்பறையும்

ஒரே கணினியில் ‘தொடக்கம்’ என்ற சொல்லை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். தட்டச்சுப் பயிலகத்தில் கற்றவர் முதலில் ஒற்றைக் கொம்பை அடிப்பார்; பிறகு ‘த’; அதன்பின் கால். தமிழ்99 கற்றவர் ‘த’, ‘ஒ’ என்று மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்து அடிப்பார். கைபேசியில் பழகிய மாணவரோ ஆங்கில எழுத்துகளில் ஒலியை அடித்து, திரை காட்டும் சொற்களில் ஒன்றைத் தொடுவார். மூவருக்கும் கிடைப்பது ஒரே சொல்தான். ஆனால், அந்தச் சொல்லை எழுதும்போது மூவரும் எழுத்துகளைப் பற்றி நினைப்பது வேறு வேறு.

விசைப்பலகையைப் பொதுவாக நாம் கணினிப் பாடத்தின் ஒரு சிறு பகுதியாக மட்டுமே பார்க்கிறோம். ‘உள்ளீட்டுக் கருவி’ என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். மொழி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்பதையும், புதிய விசைப்பலகையைப் பயனாளர்கள் ஏன் எளிதில் ஏற்பதில்லை என்பதையும், பள்ளியில் இதற்கு என்ன செய்யலாம் என்பதையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

விரலில் தங்கும் அறிவு

தட்டச்சு நன்கு தெரிந்த ஒருவரிடம், “‘க’ எந்த இடத்தில் இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். உடனே சொல்ல மாட்டார். கையை மேசைமேல் வைத்து, விரலை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். எங்கள் பள்ளி அலுவலகத்தில் பணியாற்றிய மூத்த உதவியாளர் அண்ணாச்சி இதை அழகாகச் சொல்வார்: “டீச்சர், எழுத்து எனக்கு மண்டையில இல்ல, விரல்லதான் இருக்கு.”

மிதிவண்டி ஓட்டுவது, நீந்துவது, கோலம் போடுவது போன்றதே தட்டச்சும். திரும்பத் திரும்பச் செய்வதால் படியும் இத்தகைய அறிவைச் சொற்களால் விளக்குவது கடினம், மறப்பதும் கடினம். இதனால்தான் விசைகளின் இடம் மாறும்போது அனுபவசாலிகள் அதிகம் தடுமாறுகிறார்கள். புதிதாகக் கற்பவருக்கு ஒரே வேலை. புதிய இடத்தைப் பழக வேண்டும். மாற்றிக் கற்பவருக்கு இரண்டு வேலை. பழைய இடத்துக்கு ஓடும் விரலைத் தடுக்கவும் வேண்டும், புதிய இடத்தைப் பழகவும் வேண்டும். “இந்த வயசுல இதைக்கூடக் கத்துக்க மாட்டேங்கிறாரே” என்று நாம் நினைக்கும் இடத்தில், அவர் உண்மையில் நம்மைவிட இரு மடங்கு உழைத்துக்கொண்டிருக்கிறார்.

உலகம் கண்ட எதிர்ப்புகள்

இன்று நம் மடிக்கணினிகளில் உள்ள ஆங்கில எழுத்து வரிசை, அமெரிக்கரான கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. 1874-இல் ரெமிங்டன் நிறுவனத்தின் வழியாக அது சந்தைக்கு வந்தது. 1936-இல் ஆகஸ்ட் துவோராக் என்ற கல்வியாளர், அடிக்கடி வரும் எழுத்துகளை நடு வரிசையில் வைத்து வேறோர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அது எவ்வளவு வேகம் தரும் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியிருந்தாலும், அதற்குள் கோடிக்கணக்கான விரல்கள் பழைய வரிசையில் பழகிவிட்டன. பயிலகங்கள், தேர்வுகள், வேலைவாய்ப்புகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்துவிட்டன. புதியது பரவவில்லை.

எழுத்து வரிசை மாறாமல் விசையின் வடிவம் மட்டும் மாறினாலும் எதிர்ப்பு எழுகிறது. திங்க்பேட் மடிக்கணினிகளில் நெடுங்காலமாக ஏழு வரிசை விசைகள் இருந்தன. 2012-இல் அவை ஆறு வரிசையாகவும், இடைவெளி விட்ட தட்டை விசைகளாகவும் மாறின. பழைய பயனாளர்கள் பலர் இதை விரும்பவில்லை. 2017-இல் வந்த இருபத்தைந்தாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பில் அந்த ஏழு வரிசையை நிறுவனம் மீண்டும் தந்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் அனுபவம் வேறு வகை. மடிக்கணினியை மெலிதாக்குவதற்காக 2015-இல் ‘பட்டர்ஃபிளை’ என்ற புதிய விசை அமைப்பை அது கொண்டுவந்தது. அதில் விசை கீழிறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சிறு தூசி புகுந்தாலும் விசை ஒட்டிக்கொள்வதாகவும், ஓர் எழுத்தை அடித்தால் இரண்டு விழுவதாகவும் புகார்கள் வந்தன. 2018-இல் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2019 இறுதியில் வந்த மடிக்கணினியில் பழைய கத்தரி வகை அமைப்புக்கே நிறுவனம் திரும்பியது.

இவ்விரண்டும் மாணவர்களுடன் பேசத் தகுந்த எடுத்துக்காட்டுகள். முதலாவது, பழக்கம் உடைவதால் வரும் வருத்தம். இரண்டாவது, வடிவமைப்பில் உள்ள குறையைச் சுட்டும் புகார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முணுமுணுப்பாகத் தெரியும். பிரித்தறியும் வழி எளிது. சில வாரப் பழக்கத்தில் மறைந்தால் அது பழக்கத்தின் வருத்தம். எவ்வளவு பழகியும் தொடர்ந்தால் கருவியில் குறை. பள்ளிக்குப் புதிய செயலியோ கருவியோ வரும்போது நம் ஆசிரியர் அறையில் எழும் பேச்சையும் இதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

தமிழ் விசைப்பலகை வந்த வழி

247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்குவது எளிய வேலையா? அதைச் செய்து காட்டியவர், யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா. கொம்பு, கால் போன்ற குறிகளைத் தனித்தனி விசைகளாக்கினார். எழுத்தின் மேல் புள்ளி விழ வேண்டுமே! அதற்கு, அடித்தாலும் தாள் நகராத ‘நகரா விசை’யைப் பயன்படுத்தினார். ஆக, தட்டச்சுப் பொறியில் எழுத்து எப்படித் தோன்றுகிறதோ அந்த வரிசையில் அடிக்க வேண்டும். ‘கொ’ எழுத முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். இயந்திரத்துக்கு அதுவே பொருத்தம்.

கணினி வந்ததும் இந்தத் தேவை மறைந்தது. எழுத்தைச் சரியாக வரைவதைக் கணினி பார்த்துக்கொள்ளும். நாம் எந்த எழுத்து என்று சொன்னால் போதும். ஆனால், நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு விசைப்பலகை என்று குழப்பம் பெருகியது. 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகளில் இது விவாதிக்கப்பட்டது. சென்னை மாநாட்டைத் தொடர்ந்து 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகையே தமிழ்99. 2010-இல் ஒருங்குறியையும் அரசு தரமாக ஏற்றது. 2011 முதல் மேல்நிலை மாணவர்களின் கைகளுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வந்தன.

தரம் வந்தது, கணினியும் வந்தது. இருந்தும் தமிழ்99 நம் மாணவர்களிடம் பரவலாகவில்லை. காரணம் அதன் குறை அன்று. தென்காசி போன்ற ஊர்களில் பள்ளி முடிந்து தட்டச்சுப் பயிலகத்துக்குப் போகும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், அரசுத் தட்டச்சர் பணியை மனத்தில் வைத்து ‘யளனக’ என்று தொடங்கும் பழைய வரிசையைப் பழகுகிறார்கள். மற்றவர்களின் விரல்களைக் கைபேசி முந்திக்கொள்கிறது. இரண்டு வகையினரும் நம்மிடம் வருவதற்குள் வேறொரு பழக்கம் படிந்துவிடுகிறது.

விசைகளுக்குள் ஓர் இலக்கணம்

ஆங்கில எழுத்துகளால் தமிழ் எழுதுவதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். விடுமுறை கேட்டு மாணவர் ஒருவர் பெற்றோர் கைபேசியிலிருந்து அனுப்பிய செய்தியில் ‘பல்லிக்கு வர இயலவில்லை’ என்று இருந்தது. ‘பள்ளி’க்கும் ‘பல்லி’க்கும் அவர் அடித்த ஆங்கில எழுத்துகள் ஒன்றே. திரை முதலில் காட்டியதைத் தொட்டுவிட்டார். ல, ள, ழ வேறுபாட்டைத் தீர்மானிக்கும் பொறுப்பு அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. ஆண்டுக்கணக்கில் இப்படி எழுதும் பிள்ளைக்கு, தேர்வுத்தாளில் மட்டும் மயங்கொலி எப்படித் தெளிவாகும்?

தமிழ்99-இல் ல, ள, ழ மூன்றும் தனித்தனி விசைகள். ந, ன, ண அவ்வாறே. ர, ற அவ்வாறே. அடிக்கும் முன் எந்த எழுத்து என்று மாணவர் முடிவு செய்தே ஆக வேண்டும்.

அமைப்பும் எளியது. உயிரெழுத்துகள் 12, மெய்யெழுத்துகள் 18, ஆய்தமும் புள்ளியும் ஒரு விசையில். ஆக மொத்தம் 31. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் பெரும்பாலும் மெய். நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. அ, இ, உ, எ ஆகிய குறில்களுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ என்ற நெடில்கள். மெய்க்குப் பின் உயிரை அடித்தால் உயிர்மெய் பிறக்கிறது. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற இன எழுத்துகளுக்கும் அப்படியே.

நம் வட்டாரப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம்.

இலஞ்சி: இ, ல, ஞ, ச, இ (5)
செங்கோட்டை: ச, எ, ங, க, ஓ, ட, ட, ஐ (8)
குற்றாலம்: க, உ, ற, ற, ஆ, ல, ம, புள்ளி (8)
தென்காசி: த, எ, ன, புள்ளி, க, ஆ, ச, இ (8)
கடையநல்லூர்: க, ட, ஐ, ய, ந, ல, ல, ஊ, ர, புள்ளி (10)

செங்கோட்டையில் புள்ளி விசையைத் தொடவே இல்லை. தென்காசியில் தொட வேண்டியிருக்கிறது. ஏன்? இந்தக் கேள்வியை ஆறாம் வகுப்பில் கேட்டேன். சற்று நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவி, “‘ங’வுக்கு ‘க’ இனம், டீச்சர். ‘ன’வுக்கு ‘ற’தானே இனம்!” என்றாள். இன எழுத்துப் பாடத்துக்கு இதைவிட நல்ல மதிப்பீடு எனக்குக் கிடைத்ததில்லை.

விதிவிலக்கும் சுவையானது. ‘மமதை’ என்று எழுத ‘ம’வை இருமுறை அடித்தால் ‘ம்ம’ என்றாகிவிடும். முதல் ‘ம’வுக்குப் பின் ‘அ’ அடிக்க வேண்டும். ‘ம்’ என்ற மெய்யோடு ‘அ’ சேர்ந்ததே ‘ம’ என்பதை விரலே சொல்லிக்கொடுக்கிறது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. அட்டை விசைப்பலகை: பழைய நாட்காட்டி அட்டையில் 31 கட்டங்கள் வரைந்து எழுத்துகளை எழுதச் செய்யலாம். கணினி இல்லாத தொடக்க, நடுநிலைப் பள்ளிகளிலும் இது முடியும். தினமும் ஐந்து நிமிடம், இரண்டு கைகளாலும், நடு வரிசையில் தொடங்கிப் பழகினால் போதும்.

2. ஊர்ப்பெயர் ஓட்டம்: ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம், ஆழ்வார்குறிச்சி, சுரண்டை, பாவூர்சத்திரம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் விசைகளைச் சொல்லியபடி அட்டையில் தொட வேண்டும். புள்ளி எங்கே தானாக வரும் என்பதை முன்கூட்டியே சொல்பவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

3. மாற்றத்தை உணர்தல்: நன்கு பழகிய பிறகு, இரண்டு எழுத்துகளின் இடத்தை அட்டையில் மாற்றி ஒட்டி மீண்டும் எழுதச் சொல்லலாம். எங்கே தடுமாறினார்கள், எப்போது எரிச்சல் வந்தது என்று பேசச் செய்யலாம். புதிய கருவியைக் கண்டு தாத்தா பாட்டி தயங்குவது ஏன் என்பது அப்போது தானாகவே புரியும்.

4. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில்: இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் தமிழ்99 உண்டு. அட்டையில் பழகியவர்கள் வாரம் ஒரு பாடவேளை இங்கே ஒரு பத்தி எழுதலாம்; விசையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து எழுதுவதே இலக்கு. கைபேசி வைத்திருப்போர் செல்லினம் செயலியிலும் இதே அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆசிரியர் கவனத்திற்கு

தட்டச்சுப் பயிலகத்தில் பழைய வரிசையைக் கற்கும் மேல்நிலை மாணவரை மாற்ற முயல வேண்டாம். அவருக்கு அது பிழைப்புக்கான முதலீடு. தேர்வும் பணியும் எந்த வரிசையைக் கேட்கின்றனவோ அதையே அவர் பழகட்டும். அலுவலகத்தில் பல்லாண்டு பழகிய பணியாளர்களுக்கும் இது பொருந்தும். பழைய வரிசை, தமிழ்99 இரண்டுக்குமே இடம் தரும் மென்பொருள்கள் உள்ளன. ஒரே கணினியில் அவரவர் முறைப்படி எழுதலாம்.

நாம் கருத வேண்டியது இன்னும் எந்தப் பழக்கமும் படியாத விரல்களை. ஆறாம் வகுப்பே அதற்கு ஏற்ற காலம். இன எழுத்துகளும் மயங்கொலிகளும் பாடமாக வருவதும் அப்போதுதான். பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் தமிழ்க் கணிமை பற்றிப் படிக்கும்போது அது அவர்களுக்குப் பழகிய செய்தியாக இருக்கும்.

இறுதியாகக் கருவிப் பராமரிப்பு. சாரல் காலத்தில் நம் பகுதியில் காற்றின் ஈரம் அதிகம். மடிக்கணினியின் விசைப்பலகை உடலோடு இணைந்தது. மேசைக்கணினியுடையதைப் போல எளிதில் கழற்றி மாற்ற முடியாது. ஈரக் கையோடு தொடாமை, தின்பண்டங்களை அருகில் வைக்காமை, பயன்படுத்தாதபோது மூடி உலர்ந்த அலமாரியில் வைத்தல் ஆகிய மூன்றையும் மாணவர் பொறுப்பிலேயே விடலாம்.

இனி குரலால் எழுதலாமே என்பாரும் உண்டு. எழுதலாம், ஆனால் குரல் தந்த சொல் ‘பள்ளி’யா ‘பல்லி’யா என்று பார்த்துத் திருத்துவதற்கும் எழுத்தறிவு வேண்டும். நல்ல அமைப்பு என்பதால் மட்டும் எந்த விசைப்பலகையும் பரவியதில்லை. விரல்கள் முதலில் எதைத் தொட்டன என்பதே அதைத் தீர்மானித்திருக்கிறது. அந்த முதல் தொடுதலை அமைத்துத் தரும் வாய்ப்பு நம் வகுப்பறைகளுக்கு இருக்கிறது. இந்தப் பருவத்தில் ஓர் அட்டையும் ஓர் எழுதுகோலும் கொண்டு தொடங்கிப் பார்ப்போம்.