ராக்கியா, ருத்ராவா?

முகையூர்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். தேர்வு முடிந்த கையோடு பழைய ‘நாகினி’ தொடரை முதல் பாகத்திலிருந்து போனில் பார்க்க ஆரம்பித்துவிட்டாய் என்றும், இரண்டாம் பாகத்துக்கு வந்ததிலிருந்து உனக்கும் ஆயாவுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை என்றும் உன் அப்பா சொன்னான். கதாநாயகி சிவாங்கிக்குத் தாலி கட்டிய ராக்கிதான் என்கிறாளாம் ஆயா. ஆபத்தில் கூடவே நின்ற நாகன் ருத்ராதான் என்கிறாய் நீ. “நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க அத்தை” என்று கேட்டிருக்கிறாய். தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். இந்தச் சண்டையை எப்படிப் போட்டால் உனக்கு லாபம் என்பதை முதலில் பேசிவிடுவோம்.

தொடர் பார்க்கிற நேரத்தைப் படிப்புக்குச் செலவிடு என்று சொல்லப் போவதில்லை. உன் வயதில் நானும் ‘விடாது கருப்பு’ தொடருக்காக வேலையை எல்லாம் முன்கூட்டியே முடித்துவிட்டுக் காத்திருந்தவள்தான். ஆயாவைக் கேட்டுப் பார், 1979-ல் வந்த ‘நீயா’ படத்தில் ஸ்ரீப்ரியா பாம்பாக வந்து பழி வாங்கிய கதையை இன்றைக்கும் காட்சி காட்சியாகச் சொல்வாள். பாம்புப் பெண் கதை நம் வீட்டில் மூன்று தலைமுறையாக ஓடுகிறது.

இப்போது உங்கள் திண்ணைப் பேச்சுக்கு வருவோம். ஆயா சொன்னது: “தாலி கட்டிட்டான், அப்புறம் என்ன பேச்சு?” பக்கத்து வீட்டு அக்கா சொன்னது: “பாம்புக்குப் பாம்புதான் சரி. அவளுக்கு மனுசன் எதுக்கு?” நீ சொன்னது: “ருத்ராதான் அவளுக்காக உயிரையே குடுப்பான்.” மூன்று பேருக்கும் மூன்று காரணம். ஆனால் மூவரும் பேசியது மாப்பிள்ளைகளின் தகுதியைப் பற்றி. ராக்கி தாலி கட்டியவன், ருத்ரா இனத்தான், தியாகி. நடுவில் நிற்கிற சிவாங்கிக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, என்ன வேண்டும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் இந்தத் தவறு நடக்காது. செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் தொடங்கி, விழுப்புரம் வட்டாரம் முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும். திரௌபதி வேஷம் வரும்போது கவனித்திருக்கிறாயா? இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். முகவீணையும் மத்தளமும் ஏறிக்கொண்டே போகும். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரியும், கீழே சலங்கைக் கால். உள்ளே இருந்தபடியே வேஷக்காரர் பாடுவார். கட்டியக்காரன் நேராகத் திரைக்குப் பக்கத்தில் போய், நீ யார், எந்த நாடு, எதற்காக இங்கே வந்தாய் என்று கேட்பான். அவள் தன் வாயால் பதில் சொன்ன பிறகுதான் திரை விலகும். கட்டியக்காரன் கேலிக்காரன்தான், ஐந்து புருஷனைப் பற்றி அவன் அடிக்கிற கிண்டலுக்கு ஊரே சிரிக்கும். ஆனாலும் அவளைப் பற்றிய கேள்வியை அவளிடமே கேட்கிறவன் அவன். நீ தொடர் பார்க்கும்போது கட்டியக்காரனாக இரு. அதுதான் நான் சொல்ல வந்தது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: முடிவெடுத்த நேரத்தில் அவளுக்கு எது தெரியும்?

மாயக் கதை எல்லாமே ஒரு ரகசியத்தின் மேல்தான் நிற்கிறது. ‘நாகினி’ முதல் பாகத்தை எடுத்துக்கொள். 2015 நவம்பரில் இந்தியில் கலர்ஸ் சேனலில் தொடங்கி, பிறகு சன் டிவியில் தமிழ் பேசியது. பெற்றோரைக் கொன்றவர்களைப் பழி வாங்க வந்த நாகினி சிவன்யா, கொன்றவர்கள் வீட்டுப் பிள்ளை ரித்திக்கைக் கட்டிக்கொள்கிறாள். அவள் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவன் மேல் தனக்கே ஆசை வரும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் தோழியான சேஷாவோ சிவன்யாவின் உருவத்தையே எடுத்துக்கொண்டு அவனிடம் போகிறாள். தன் முன்னால் நிற்பது யார் என்றே தெரியாத ஒருவன் காட்டுகிற அன்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ‘ஜோடிப் பொருத்தம்’ பேசுவதற்கு முன்னால் இதைப் பேசியிருக்க வேண்டும் இல்லையா?

நீ உன் தோழிகளோடு பார்க்கிற ‘வாம்பயர் டைரீஸ்’ இதைவிடக் கூர்மையான உதாரணம் தருகிறது. 2009 முதல் 2017 வரை ஓடிய அந்த அமெரிக்கத் தொடரில் எலினாவுக்கு ஸ்டெஃபனா டேமனா என்று உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. இரண்டாம் பருவத்தில் டேமன் அவளிடம் தன் காதலைச் சொல்கிறான். சொன்ன கையோடு, தன் மாய சக்தியால் அதை அவள் நினைவிலிருந்து அழித்தும் விடுகிறான். அவன் மனம் திறந்தான் என்று ரசிகைகள் உருகினார்கள். கேட்ட பேச்சைக்கூட வைத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு இல்லாமல் போனதே, அதையும் பேச வேண்டும். நான்காம் பருவத்தில், டேமனின் ரத்தத்தால் அவள் ரத்தக்காட்டேரி ஆகிறாள். அந்த ரத்தக் கட்டினால் அவன் சொன்னதெல்லாம் அவளுக்குச் சரியாகப் படுகிறது. இனி அவள் அவனை விரும்புகிறாள் என்றால், விரும்புவது அவளா, அந்த ரத்தமா? கதை எழுதியவர்களே இந்தச் சந்தேகத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். கட்சி கட்டியவர்கள்தான் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கூவாகம் கூத்தாண்டவர் கோயில். பாரதப் போருக்காகக் களப்பலியாகப் போகும் அரவான், அதற்கு முந்தைய நாள் தனக்குக் கல்யாணம் வேண்டும் என்கிறான். விடிந்தால் தாலி அறுக்க வேண்டும் என்று தெரிந்து யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து கட்டிக்கொள்கிறான். ஒவ்வொரு சித்திரையிலும் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் வந்து அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து ஒப்பாரி வைத்து அழுகிறார்கள். அந்தக் கல்யாணத்துக்கு ஆயுசு ஓர் இரவு. ஆனால் இருவருக்கும் எல்லாம் தெரியும், ஒளித்து வைத்தது ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கான வாரம் ஓடுகிற தொடர் ஜோடிகள் பலருக்கு இது வாய்ப்பதில்லை.

இரண்டாவது கேள்வி: அவளை யாராவது கேட்டார்களா?

திரௌபதியை மணமேடையில் யாரும் கேட்கவில்லை. வில்லை வளைத்தவன் ஒருவன். குந்தி ஒரு வார்த்தை சொன்னாள், ஐந்து புருஷன் என்றாயிற்று. வில்லிபுத்தூரார் நம் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர். அவர் பாடிய பாரதத்தின் ஆரணிய பருவத்தில் பழம் பொருந்து சருக்கம் என்று ஒன்று வருகிறது, வியாசரிடம் இல்லாதது. காட்டில் ஒரு முனிவருக்கு உரிய நெல்லிக்கனியை அருச்சுனன் வீழ்த்திவிடுகிறான். முனிவர் சாபம் வரும். ஒவ்வொருவரும் மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொன்னால் கனி மறுபடி கிளையில் ஒட்டும் என்கிறான் கண்ணன். ஐவரும் சொல்கிறார்கள். திரௌபதியின் முறை வரும்போது, ஐந்து பேர் இருந்தும் இன்னொருவன்மேல் தன் மனம் உருகுவதைச் சொல்கிறாள். வில்லியார் பெயர் சொல்லவில்லை. ஊரில் கர்ணன் என்பார்கள். கவனி: அவளை யாரும் அடிக்கவில்லை, தீயில் இறங்கச் சொல்லவில்லை. கனி கிளையில் போய் ஒட்டிக்கொண்டது. அப்படி மனம் திறந்தவளைத்தான் இந்தப் பக்கத்துச் சனங்கள் அம்மன் என்று கும்பிட்டுத் தீமிதிக்கிறார்கள். நம் மண்ணின் கவி ஒருவர் சில நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே அவளைப் பேசவிட்டார். நாமும் நம் கதாநாயகிகளைப் பேசவிடலாம்.

மூன்றாவது கேள்வி: சேர்ந்தால் யார் எதை இழக்கிறார்கள்?

முதல் பாகத்தின் முடிவில் சிவன்யா நாகசக்தியை விட்டு, ரித்திக்கோடு மனுஷியாக வாழப் போகிறாள். நல்ல முடிவு என்று ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரித்திக் எதை விட்டான் என்று கேட்டுப் பார். வீடு, பெயர், பழக்கம் எல்லாம் அவனிடம் அப்படியே இருக்கிறது. வேலையை விட்ட மருமகள்கள், பாட்டை விட்ட பெண்டுகள் நம் தெருவில் எத்தனை பேர்? பாம்பு உருவம் கற்பனை. கல்யாணத்துக்காக அவள் விட்டுக்கொடுப்பதில் கற்பனை எதுவும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன “பாம்புக்குப் பாம்புதான் சரி” என்பதற்கும் ஒரு வார்த்தை. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இனம் பார்த்துத்தான் பெண் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு நம் பக்கத்தில் விளையாட்டோடு நின்றதில்லை. விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003-ல் கண்ணகியையும் முருகேசனையும் சாதி மாறிக் கட்டிக்கொண்டதற்காக விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆயிற்று. வீட்டுப் பெண்ணைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல முடியாததைப் பலர் டிவிப் பெண்ணின்மேல் ஏற்றிச் சொல்கிறார்கள். அதனால் தொடர் பேச்சு வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்காதே. அதைக் கேட்டுக்கொண்டிருந்தால், யார் தன் மகளுக்கு எதை அனுமதிப்பார்கள் என்பது தெரிந்துவிடும்.

கதை ஏன் இப்படி இழுக்கிறது என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்க் என்ற அமைப்பு வாரந்தோறும் எந்தத் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று புள்ளி வெளியிடும், விளம்பரக் காசு அதைப் பார்த்துத்தான் வரும். ரகசியம் உடைந்தால் கதை முடிந்தது. ஆகவே அவளுக்கு உண்மை தெரியப்போகிற நேரத்தில் கதவு தட்டப்படும், மயக்கம் வரும், தொடரும் போடுவார்கள். இரண்டு ஆண்களில் ஒருவனைத் தெளிவாக நல்லவனாக்கினாலும் கதை நின்றுவிடும். ஆக, நீயும் ஆயாவும் போடுகிற சண்டை தற்செயல் இல்லை, எழுத்து மேசையிலேயே அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தெரிந்து சண்டை போட்டால் தப்பில்லை.

இன்னொன்று கண்டிப்பாக. ராக்கியைச் சிவாங்கி சந்தேகப்பட்டாள் என்பதற்காக அந்த வேஷம் போட்ட மௌனி ராயை உன் தோழி திட்டினாளாமே. வசனம் அவர் எழுதியதா? விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடையில் நிற்கிற கூத்துக்காரரிடம் போய், ஏன் அப்படிச் சபதம் போட்டாய் என்று நம்மூர்க் கிழவிகூடக் கேட்க மாட்டாள்.

சரி, தீர்ப்பு. என் ஓட்டு ராக்கிக்கும் இல்லை, ருத்ராவுக்கும் இல்லை. கல்யாணமும் தாயின் சாவும் அடுத்தடுத்து வந்து, யாரை நம்புவது என்றே தெரியாமல் தவிக்கிறவள் சிவாங்கி. முழு உண்மையும் அவள் கைக்கு வருகிறவரை அவள் யாரையும் தேர்ந்தெடுக்கக் கடமைப்பட்டவள் இல்லை. ருத்ரா கூட நின்றது நல்ல குணம். அதற்குக் கூலியாக அவள் காதலைத் தர வேண்டும் என்று கேட்காதே. உன் வாழ்க்கையிலும் உதவி செய்தவன் எல்லாம் கடன் கொடுத்தவன் மாதிரி வந்து நிற்பான், அப்போது இது நினைவுக்கு வரட்டும்.

இன்று ராத்திரி ஆயாவோடு உட்கார்ந்து ஒரே ஒரு பகுதி பார். முடிந்ததும் இந்த மூன்று கேள்வியையும் அவளிடம் கேள். யார் ஜெயித்தார்கள் என்று எழுது. ஆயாவைச் சாதாரணமாக நினைக்காதே, அவள் விடிய விடிய திரௌபதியைப் பார்த்து வளர்ந்தவள்.

அன்புடன்,
அத்தை